தோட்டப்புறத்தில் ஒரு பழைய குடும்பக் காடி: டீசலா, பெட்ரோலா?

என் அப்பா தோட்டத்தில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். ஏழு பேர் உட்காரும்படி ஒரு பழைய காடி எடுக்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்த அன்றே, "டீசலா பாத்து எடும்மா. நல்லா இழுக்கும், எண்ணெயும் கம்மியா குடிக்கும். எஞ்சின் உன் பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும்" என்றார். என் வீட்டுக்காரருக்கும் அதே எண்ணம். ஷா ஆலாமில் இருக்கும் அண்ணன் மட்டும் பெட்ரோல் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் அதுதான் எடுக்கறாங்க" என்பதைத் தாண்டி அவரிடம் பதில் இல்லை.

நான் தோட்ட ஆபீஸில் கிராணி. எந்த டிராக்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினோம், அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று தினமும் எழுதுவது என் வேலை. வாய்ப்பேச்சை நம்பி இவ்வளவு பெரிய பணத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் முழுக்க எங்கள் பழைய காடியின் ஓட்டத்தை ஒரு நோட்டில் எழுதினேன். பிறகு இரண்டு மாதம் பழைய காடிக் கடைகளிலும் வொர்க்ஷாப்களிலும் விசாரித்தேன். தோட்டப்புறத்தில் நாம் வருடக்கணக்காகக் காசு சேர்த்து ஒரே ஒரு காடி வாங்குகிறோம். பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருத்துவமனை, கல்யாணம், சாவு எல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான். நான் கண்டுபிடித்தது இன்னொரு குடும்பத்துக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறி வருடக்கணக்கு ஆகியும் எங்கள் வாயில் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் தென்னமரம் தோட்டம். 1917-ல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அங்கேதான். இன்றைக்கு நாம் ஊற்றும் டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனையிலிருந்து வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் நோட்டு. காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து ஆபீஸ் நான்கு. மதியம் சின்னவனைக் கூட்டிவந்து மாமியாரிடம் விட்டுவிட்டுத் திரும்ப ஆபீஸ். சாயங்காலம் டியூஷன், கடை, வெள்ளிக்கிழமையானால் கோயில். சனிக்கிழமைகளில் ரவாங். மாதம் ஒருமுறை மாமியாரை சுங்கை பூலோ மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். வருடம் ஒருமுறை தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்கு சுங்கை பட்டாணியில் வீட்டுக்காரர் வீடு. மாதக் கடைசியில் கூட்டினேன்: 1,000 கிலோமீட்டர். வருடத்துக்கு 12,000. ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. அந்த மாதத்தில் இருபத்தைந்து நாள் காடி ஒரே மூச்சில் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் ஓடவே இல்லை. வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். டீசலா பெட்ரோலா என்று முற்றத்தில் உட்கார்ந்து பேசியது ஆண்கள், காடியைத் தினமும் ஓட்டுவது நான். பல வீடுகளில் இதே கதைதான். காடி வாங்கும் பேச்சில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் ஓட்டப் போகிறார்கள், எவ்வளவு தூரம் என்பதே.

இனி எண்ணெய் விலை. 2021 தொடங்கி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலும் ரோன்95 பெட்ரோல் 2 வெள்ளி 5 காசிலும் நின்றன. அப்பாவின் கணக்கு அந்தக் காலத்துக் கணக்கு. 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசலுக்கான பொது மானியம் எடுக்கப்பட்டது. ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசு ஆனது. அன்றிலிருந்து சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் 2.15 அப்படியே இருந்தது. அங்கே இருக்கும் சொந்தக்காரர் "டீசல்தான் மலிவு" என்று சொன்னால் அவர் ஊருக்கு அது சரி, நமக்கு இல்லை. பிறகு 2025 செப்டம்பர் 30-ல் பூடி95 என்னும் பெட்ரோல் மானியத் திட்டம் வந்தது. மைகார்டு அடையாள அட்டையும் செல்லுபடியாகும் லைசென்ஸும் உள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. மற்றவர்களுக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு. நான் கணக்குக்கு மானியப் பெட்ரோலை 1.99 என்றும், மாறிக்கொண்டே இருக்கும் டீசலை வட்டமாக 3 வெள்ளி என்றும் வைத்துக்கொண்டேன். நீங்கள் வாங்கும் வாரத்தில் என்ன விலையோ அதைப் போட்டுப் பாருங்கள்.

ஒரே உடம்பு, இரண்டு எஞ்சின் என்று பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். மஸ்டா சிஎக்ஸ்-5 இங்கே 2.5 லிட்டர் பெட்ரோலிலும் 2.2 லிட்டர் டீசலிலும் வந்தது. நின்று நின்று ஓடும் எங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 13 என்று வைத்தேன். 12,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 1,200 லிட்டர், டீசல் 923 லிட்டர். பழைய விலையில் பெட்ரோலுக்கு 2,460 வெள்ளி, டீசலுக்கு 1,985. வருடம் 475 வெள்ளி மிச்சம். அப்பா சொன்னது அன்றைக்குச் சரிதான். புதிய விலையில் பெட்ரோலுக்கு 2,388, டீசலுக்கு 2,769. இப்போது டீசல் 381 வெள்ளி கூடுதல்.

ரோட்டெக்ஸ், அதாவது வருடச் சாலை வரி, இதைக் கொஞ்சம் சரிக்கட்டும். டீசல் காடி என்றால் ரோட்டெக்ஸ் அதிகம் என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். தனியார் பயணக் காடிகளுக்கு அந்த வித்தியாசம் 2008-லேயே போய்விட்டது. இப்போது சிசி கணக்குதான். தீபகற்பத்தில் அந்த 2.2 டீசலுக்கு 592 வெள்ளி 80 காசு, 2.5 பெட்ரோலுக்கு 830 வெள்ளி 40 காசு. 238 வெள்ளி திரும்பி வந்துவிடுகிறது. ஆக மொத்தம் வருடத்துக்கு 140 வெள்ளி சொச்சம்தான் வித்தியாசம். தீபாவளிக்கு ஒரு பிள்ளைக்குத் துணி எடுக்கும் காசு.

"நிறைய ஓடினால் டீசல் லாபம்" என்று ஒரு பழைய சொல் உண்டே, அதையும் பார்த்தேன். டீசலில் ஒரு கிலோமீட்டருக்கு 23 காசு ஆகிறது, மானியப் பெட்ரோலில் 20 காசு. கூட ஓட ஓட டீசலுக்குக் கூடத்தான் கொடுக்கிறோம். 300 லிட்டரும் தீர்ந்து, மானியமில்லாத விலைக்குப் போடும்போதுதான் பெட்ரோல் 26 காசாகி டீசல் முந்துகிறது. அதற்கு அந்தக் காடி மாதம் 3,000 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். எங்களைப் போல் மூன்று மடங்கு. அந்த 300 லிட்டர் ஆளுக்கு உரியது, காடிக்கு அல்ல. வீட்டில் இருவர் லைசென்ஸ் வைத்திருந்தால் ஆளுக்கு 300. பெண்கள் லைசென்ஸ் எடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதற்கு இனி இதையும் ஒரு நஷ்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அடையாள அட்டை, வைத்திருப்பவர்களை மறந்துவிடக் கூடாது. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, இன்னும் நீல ஐசி கிடைக்காத பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பூடி95 குடிமக்களுக்கு மட்டும். அப்படிப்பட்ட ஒருவர்தான் வீட்டில் காடி ஓட்டுகிறார் என்றால், மேலே போட்ட பெட்ரோல் கணக்கு எதுவும் அவருக்குப் பொருந்தாது. எண்ணெய் போடப் போகும்போது லைசென்ஸும் மைகார்டும் உள்ள மகளோ மருமகனோ கூடவே போகும் வழக்கத்துக்கு அந்த வீடு வந்தாக வேண்டும்.

ஆனால் நாங்கள் ஏழு பேர். சிஎக்ஸ்-5 ஐந்து பேருக்குத்தான். ஏழு இருக்கைக்குப் போனால் பழைய காடிச் சந்தையில் டீசலும் பெட்ரோலும் வேறு வேறு சாதியாகிவிடுகின்றன. பெட்ரோலில் பெரோடுவா அல்சா, புரோட்டோன் எக்ஸோரா, டோயோட்டா அவான்சா, நிசான் கிராண்ட் லிவினா. டீசலில் டோயோட்டா ஃபார்ச்சூனர், மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட், இசுசு எம்யு-எக்ஸ், கியா சொரெந்தோ என்று எல்லாம் கனத்த உடம்பு. 1.5 லிட்டர் அல்சாவுக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர், 2.4 டீசல் ஃபார்ச்சூனருக்கு 10 என்று வைத்தால், வருடம் 1,990 வெள்ளிக்கு 3,600. ரோட்டெக்ஸ் 120 வெள்ளிக்கு 754 வெள்ளி 40 காசு. வருடத்துக்கு 2,244 வெள்ளி இடைவெளி. இன்சூரன்ஸும் காடியின் மதிப்போடு ஏறும்.

இந்த இடத்தில் நோட்டை மூடிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் ஆபீஸில் கூட வேலை செய்யும் அக்கா பூடி மடானியை நினைவுபடுத்தினார். டீசல் மானியம் எடுத்தபோது, தனியார் டீசல் காடி வைத்திருக்கும் தகுதியுள்ள குடிமக்களுக்கு மாதம் 200 வெள்ளி என்று அரசு அறிவித்தது. வருட வருமானம், கணவன் மனைவி சேர்த்து, 100,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. காடி அவர் பெயரில் இருக்க வேண்டும், ரோட்டெக்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். தோட்டப்புறத்தில் பெரும்பாலான குடும்பம் அந்த வருமான எல்லைக்குள்தான். வருடம் 2,400 வெள்ளி. என் கணக்கே தலைகீழாகிவிட்டது. அல்சாவுக்கும் ஃபார்ச்சூனருக்கும் இருந்த இடைவெளி மறைந்து, 156 வெள்ளி டீசல் பக்கம் சாய்ந்தது. சிஎக்ஸ்-5-ல் டீசல் இரண்டாயிரத்துக்கு மேல் முந்திவிட்டது.

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அப்பா சொன்னதுதான் சரியோ என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். ஒன்று தெளிவானது. காடிக் கடனை ஐந்து வருடம், ஏழு வருடம் கட்டுகிறோம். உதவித்தொகை அரசின் முடிவு. விலை போல அதுவும் மாறலாம், தகுதியும் மாறலாம். கையில் வரும் வரை வாங்கிக்கொள்வோம். அதை மட்டும் நம்பி ஏழு வருடக் கடனில் கையெழுத்துப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே டீசல் காடி வைத்திருந்து இன்னும் பதிவு செய்யாதவர்கள் இருந்தால், தயவுசெய்து விசாரித்துப் பதியுங்கள். கேட்காமல் விட்ட காசு நிறைய பேருக்கு.

எண்ணெய்க் கணக்கு இப்படி இழுபறியாக நின்றதால், முடிவை எஞ்சினுக்குள்தான் தேட வேண்டியிருந்தது. ஊரில் வொர்க்ஷாப் வைத்திருக்கும் தம்பி ஒருவர் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி விளக்கினார். அவர் சொன்ன முதல் வாக்கியம் போதும்: "அக்கா, உங்கப்பா டிராக்டர் காலைல ஸ்டார்ட் பண்ணா சாயங்காலம் வரைக்கும் நிக்காது. உங்க காடி பத்து நிமிஷத்துல நிக்குது. டீசலுக்கு அதுக்குள்ள சூடே ஏறாது."

பெட்ரோல் எஞ்சினில் ப்ளக் பொறி தட்டுகிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. அதனால் இரும்பு கனம், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சூடேற நேரம் பிடிக்கும், கரியும் அதிகம். பழைய டிராக்டர் அந்தக் கரியைப் புகைப்போக்கி வழியாக வானத்துக்கு அனுப்பிவிடும். இன்றைய டீசல் காடியால் அது முடியாது. புகையில் ஒரு பகுதியை இஜிஆர் வால்வு திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிறது. அந்தக் கரியும் எஞ்சின் எண்ணெயின் ஆவியும் சேர்ந்து காற்றுப் போகும் வழியெல்லாம் தார் மாதிரி அப்பிக்கொள்கின்றன. டிபிஎஃப் என்னும் வடிகட்டி இருக்கும் காடியில் மீதிக் கரி அங்கே தங்கும். அது நிறைந்ததும் எஞ்சின் அந்த வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துத் தீர்க்கும். இதற்குக் காடி நிற்காமல், ஒரே வேகத்தில், பதினைந்து இருபது நிமிடமாவது ஓட வேண்டும்.

என் நோட்டில் அப்படி ஓடிய நாள் மாதத்துக்கு ஐந்து. லாட்டார் நெடுஞ்சாலையில் ஈஜோக்கிலிருந்து தெம்ப்ளர் பார்க் பக்கம் வரை 33 கிலோமீட்டர் இருக்கிறது. அதில் போய்வந்தால் வடிகட்டி சுத்தமாகும். ஆனால் காடியைச் சுத்தம் செய்வதற்காகவே டோல் கட்டி ஓட்டிவர எனக்கு நேரம் எங்கே? பள்ளிக்கூட வாசலில் நிறுத்தும்போது பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு எரிப்பிலும், கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். எண்ணெய் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் தேய்வது டர்போவும் பேரிங்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லா டீசல் காடியிலும் டிபிஎஃப் இல்லை. இங்கே விற்ற பழைய பிக்-அப்களிலும் அதே அடிப்படையில் செய்த பெரிய காடிகளிலும் பல அது இல்லாமலே வந்தன. அவற்றுக்குச் சின்ன ஓட்டம் இவ்வளவு கொடுமை செய்யாது; இஜிஆர் கரி மட்டும் உண்டு. எனவே "இது டீசலா?" என்பதோடு நிறுத்தாமல் "டிபிஎஃப் இருக்கிறதா, இருந்தால் கழற்றாமல் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். கடையில் பதில் தடுமாறினால் வேறு காடி பாருங்கள்.

இன்னொன்று இஞ்செக்டர். இன்றைய டீசல் எஞ்சினில் எண்ணெய் ஆயிரத்து ஐந்நூறு பார் அழுத்தத்துக்கும் மேல் போய், மிகச் சிறிய துளைகள் வழியாகத் தெளிக்கிறது. அந்தத் துளைக்குத் தண்ணீரும் தூசியும் எமன். செம்பனையின் பங்கு இங்கேதான் வருகிறது. பி10 டீசலில் நூற்றுக்குப் பத்து, செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. நம் ஊர் விளைச்சலில் காடி ஓடுவதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பங்கு காற்றிலிருந்து ஈரத்தை வெறும் டீசலைவிட எளிதாக இழுத்துக்கொள்ளும். பழைய டேங்கில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பிவிடும். ஆகவே டீசல் ஃபில்டரைக் காலத்தோடு மாற்றுவது, அதன் அடியில் சேரும் தண்ணீரை வடிப்பது, டேங்கைப் பாதிக்குக் கீழே நாள்கணக்கில் விடாமல் இருப்பது மூன்றும் கட்டாயம். 2021 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுக்க யூரோ 5 டீசல்; கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு இறங்கிவிட்டது. அதற்கு முன் பெரும்பாலான ஸ்டேஷன்களில் கிடைத்த யூரோ 2எம்-ல் 500 பங்கு வரை. 2021-க்கு முன்பே ஓடிய டிபிஎஃப் காடி அந்தக் காலத்தில் எந்த டீசலைக் குடித்தது என்பதை சர்வீஸ் புத்தகம்கூடச் சொல்லாது. முதல் உரிமையாளரிடம் பேச வழி இருந்தால் பேசிவிடுங்கள்.

என் நாத்தனார் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு டீசல் ஏழு இருக்கைக் காடி வாங்கினார்கள். உடம்பு பளபள, மீட்டரில் குறைந்த கிலோமீட்டர். எட்டு மாதத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது, வெள்ளைப் புகை கக்கியது. நான்கு இஞ்செக்டரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குக் கேட்ட பணம், இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை இரண்டு மாதம் தொடாமல் வைத்தாலும் போதாது. நாத்தனாரின் வீட்டுக்காரர் தன் ஊழியர் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார். அந்தக் காடி செய்த குற்றம் எதுவும் இல்லை. முந்தைய கை ஃபில்டர் மாற்றாமல் ஓட்டியிருக்கிறது. பழைய டீசல் காடியில் எனக்குள்ள பயமே இதுதான். பெட்ரோல் காடியைக் கவனிக்காமல் விட்டால் ப்ளக், காயில், த்ராட்டில் பாடி என்று நூறு இருநூறு வெள்ளிகளில் பெரும்பாலும் கணக்கு தீரும். டீசலைக் கவனிக்காமல் விட்டவன் வேறு, அதற்குக் காசு கட்டுகிறவன் வேறு.

சாதாரண சர்வீஸிலும் வித்தியாசம் உண்டு. அல்சா போன்ற எஞ்சினுக்கு மூன்று நான்கு லிட்டர் எஞ்சின் எண்ணெய் போதும். பெரிய டீசலுக்கு ஆறேழு லிட்டர் போகும். டிபிஎஃப் இருந்தால் அதற்கென்று உள்ள குறைந்த சாம்பல் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும்; மலிவு எண்ணெய் ஊற்றினால் வடிகட்டி சாம்பலால் நிரம்பும், எந்த ஓட்டத்தாலும் அதை எரிக்க முடியாது.

டீசலின் பலத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. சிஎக்ஸ்-5 டீசலின் முறுக்குவிசை 420 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 சுற்றிலேயே. அல்சாவுக்கு 136, அதற்கும் எஞ்சினை 4,000 சுற்றுக்கு மேல் கதறவிட வேண்டும். ஏழு பேரும் மூட்டைகளுமாக மேட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணி வரை போய்வருவதற்கு டீசல் காடி அருமையானது. தினமும் ரவாங் தாண்டி வேலைக்குப் போகிறவர், வாரம் இரண்டு தடவை வடக்கே சரக்கெடுக்கப் போகிறவர், சொந்தமாக ஐந்து ஏக்கர் செம்பனை வைத்துக் குலை ஏற்றுகிறவர், இவர்களுக்கு டீசல் இன்றும் சரியான காடி. சூடு முழுக்க ஏறி ஓடும், கரி எரியும், இழுவைக்கு வேலையும் இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா குலை ஏற்றும் டீசல் பிக்-அப்பைப் பத்து வருடமாகப் பிள்ளை மாதிரி பார்க்கிறார். அவரிடம் நான் பெட்ரோல் வாங்குங்கள் என்று சொல்லவே மாட்டேன்.

ஆனால் "தோட்டத்து மண் ரோட்டுக்கு டீசல்தான்" என்ற பேச்சு மட்டும் எனக்கு ஒப்பாது. மழைக்காலத்தில் சிவப்பு மண்ணில் காடி மாட்டுவது எஞ்சினால் அல்ல. அடிவயிறு தாழ்ந்திருப்பதாலும் டயர் மொட்டையாக இருப்பதாலும். நம் கண்ணில் படும் டீசல் காடிகள் உயரமானவை, நான்கு சக்கரமும் இழுப்பவை என்பதால் அந்தப் பெருமை டீசலுக்குப் போய்விட்டது. எங்கள் பழைய காடி இத்தனை வருடமாக அதே ரோட்டில் போய்வருகிறது. மாட்டியது ஒரே ஒரு தடவை, டயர் தேய்ந்திருந்தபோது.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே டீசல் இன்னோவா என்றால் அப்படி ஒரு மதிப்பு. இங்கே விற்ற இன்னோவா 2.0 பெட்ரோல். அங்கே எண்ணெய் விலையும் வேறு, வரியும் வேறு. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நம் கடையில் போய் நின்றால் விற்பவருக்குத்தான் வசதி. கேஸ் போட்ட காடி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அதையும் விடுங்கள். 2025 ஜூலை 1-லிருந்து காடிக்கான என்ஜிவி என்னும் இயற்கை எரிவாயு விற்பனையே நின்றுவிட்டது. பழைய டாக்சி ஒன்று கேஸ் தொட்டியைக் கழற்றிவிட்டுக் குடும்பக் காடியாக வரக்கூடும். பின்னால் தரையில் துளையும் வெல்டிங் தடமும் இருக்கிறதா என்று கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

புகையையும் நான் கணக்கில் சேர்த்தேன். எங்கள் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. காலையில் காடி சூடாகும் இடம் ஜன்னலுக்கு நான்கு அடி. என் சின்னவனுக்கு வீசிங் உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. நல்ல வடிகட்டியோடு ஓடும் டீசல் காடி பழைய லோரி மாதிரி கக்காது என்பது உண்மை. அந்த வடிகட்டி என் ஓட்டத்தில் அடைபடும் என்பதும் உண்மை.

நான் பெட்ரோல் அல்சா எடுத்தேன். அப்பாவுக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை. மூன்றாம் நாள் என் நோட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இவ்வளவு கிட்டத்துலயே சுத்தறியா?" என்று மட்டும் கேட்டார். குறை எனக்கும் தெரியும். மூன்றாம் வரிசையில் பிள்ளைகளைத்தான் உட்கார வைக்க முடியும். ஏழு பேரும் ஏறினால் பின்னால் ஒரு அரிசி மூட்டைக்குத்தான் இடம். தீபாவளிப் பயணத்துக்கு மூட்டைகளைக் கூரையில் கட்டுகிறோம். வருடத்தில் நான்கு நாள் கஷ்டத்துக்காக மற்ற நாளெல்லாம் பொருந்தாத எஞ்சினை ஓட்ட நான் தயாராக இல்லை.

எந்த எண்ணெய்க் காடியானாலும் பார்க்கப் போவது காலையில் இருக்கட்டும். முதல் நாளே போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முன் மூடியைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். டீசல் என்றால் சாவியைத் திருப்பியதும் எத்தனை நொடியில் பிடிக்கிறது, புகை என்ன நிறம் என்று பாருங்கள். கறுப்பு ஒரு கணம் வந்து மறைந்தால் பரவாயில்லை. வெள்ளையோ நீலமோ நின்று வந்தால் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். காற்று மூடியைத் தூக்கி அடித்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் வடிகட்டியில் எவ்வளவு கரி இருக்கிறது என்று எண்ணாகவே காட்டுவார். பெட்ரோல் என்றால் அதே மூடியின் அடியில் பால் மாதிரிப் படலம் இருக்கிறதா, கியர் விழும்போது இடிக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். நுனியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற காடி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவை இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை இதையெல்லாம் பார்க்கும் என்று நம்ப வேண்டாம். அது உரிமை மாறுவதற்கான சோதனை, எஞ்சினின் ஆயுளுக்கு உறுதி தராது.

போனபோது எஞ்சின் சூடாக இருந்தால், யாரோ நீங்கள் வருவதற்கு முன்பே அதை எழுப்பியிருக்கிறார்கள். சாவியை வாங்காதீர்கள். நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.